ஒரே பாகம் மூன்று முறை: ஒரு வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பின் தொடர் பழுது குறித்த நிகழ்வு ஆய்வு

திருச்சி உறையூர்ப் பகுதியில், பழைய வீடொன்றின் முதல் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு குடும்பத்தின் இண்டக்‌ஷன் அடுப்பு, வாங்கி இரண்டு ஆண்டு நிறைவதற்குள் மூன்று முறை நின்றுபோனது. முதல் இரண்டு முறையும் ஐஜிபிடி எனப்படும் பவர் டிரான்சிஸ்டரும் ஃபியூசும் மாற்றப்பட்டன. அடுப்பு சில மாதங்கள் ஓடியது. பிறகு அதே பாகம் மறுபடி எரிந்தது. மூன்றாம் முறை அது என் பணிமேசைக்கு வந்தது. வீட்டு இண்டக்‌ஷன் அடுப்புகளில் நான் அடிக்கடி காணும் பழுது இது என்பதாலும், எரிந்த பாகத்தை மாற்றியவுடன் வேலை முடிந்ததாகக் கருதும் வழக்கம் எங்கள் தொழிலில் வேரூன்றியிருப்பதாலும், இந்த நிகழ்வை முழுமையாகப் பதிவு செய்கிறேன். காரணத்தில் பாதி அடுப்புக்குள்ளே இருந்தது. மீதி அந்த வீட்டின் சமையல் மேடையில் இருந்தது.

வீட்டில் கணவன், மனைவி, பள்ளி செல்லும் மகள், கணவரின் தாயார் என நால்வர். காலை வேளையில் கேஸ் அடுப்பின் இரண்டு பர்னர்கள் போதவில்லை என்பதற்காகவும், சிலிண்டர் இன்னும் சில நாள் கூடுதலாக வரட்டும் என்பதற்காகவும் 2000 வாட் திறனுள்ள, ஒற்றைச் சுருள் கொண்ட, மேடைமேல் வைக்கும் வகை அடுப்பை வாங்கியிருந்தார்கள். பால் காய்ச்சுவது, சாதக் குக்கர் வைப்பது, வெந்நீர் போடுவது, ஞாயிற்றுக்கிழமைகளில் இட்லி வேக வைப்பது ஆகியவை அதன் வேலைகள். அடுப்பைக் கொண்டுவந்து கொடுத்த தாயார் சொன்னது இவ்வளவுதான்: “ஓடிக்கிட்டு இருக்கும்போதே பட்டுன்னு நின்னுடுச்சு தம்பி. கரண்ட் ஏத்த இறக்கம்தான் காரணம்னு முன்னாடி பார்த்தவர் சொன்னாரு.”

அந்த விளக்கத்தை ஏற்பதற்கு முன், எரிந்துபோகும் பாகம் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரத்தை ரெக்டிஃபையர் முதலில் நேர்மின்சாரமாக்குகிறது. அதை வினாடிக்கு 20,000 முதல் 30,000 தடவை வரை இணைத்தும் துண்டித்தும் செம்புச் சுருளுக்குள் செலுத்துவது ஐஜிபிடியின் வேலை. அவ்வளவு வேகமாக மாறும் காந்தப்புலம், கண்ணாடிக்கு மேலுள்ள பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இது. இரும்புத்தன்மை உள்ள அடியில் இந்த மின்னோட்டம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழத்துக்குள் நெருக்கியடித்து ஓடுவதால் மின்தடை மிகுந்து, அடி சூடேறுகிறது. அலுமினியத்தில் அது அரை மில்லிமீட்டர் ஆழம் வரை பரவுகிறது. அந்த உலோகமும் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால் போதிய சூடு பிறப்பதில்லை. எனவேதான் அலுமினியப் பாத்திரத்தை வைத்தால் அடுப்பு அதைப் பாத்திரமாகவே ஏற்காமல் ஒலியெழுப்பி நின்றுவிடுகிறது.

இவ்வளவு சக்தியும் கைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு பாகத்தின் வழியாகப் போகிறது. முழுத் திறனில் ஓடும்போது ஐஜிபிடியிலேயே சில பத்து வாட் வெப்பம் பிறக்கிறது. அந்த வெப்பத்தை அலுமினிய ஹீட் சிங்க் வாங்கிக்கொள்ள, கீழிருந்து காற்றை இழுக்கும் சிறிய ஃபேன் அதை வெளியேற்றுகிறது. ஐஜிபிடிக்குள் இருக்கும் சிலிக்கன் 150 முதல் 175 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். ஆகவே இண்டக்‌ஷன் அடுப்பின் ஆயுள் என்பது பெரும்பகுதி இந்தக் காற்றோட்டத்தின் ஆயுள்தான். மேலே உள்ள கண்ணாடியைத் தினமும் பளபளவென்று துடைத்து வைக்கும் வீடுகளில்கூட அடுப்பைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

திறந்து பார்த்தபோது

ஃபியூஸ் கருகியிருந்தது, ஐஜிபிடியின் மூன்று கால்களும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகியிருந்தன. எதிர்பார்த்தவைதான். கவனத்தை ஈர்த்தவை வேறு நான்கு. ஃபேன் இறக்கைகளிலும் ஹீட் சிங்கின் தகடுகளுக்கு இடையிலும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து கம்பளிபோல் அடைத்திருந்தன. நடுவே கரப்பான்பூச்சியின் ஓடுகளும் கிடந்தன. காற்று நுழையும் அடிப்பக்கச் சல்லடையில் செய்தித்தாளின் துணுக்குகள் எண்ணெயில் ஊறி ஒட்டியிருந்தன. முந்தைய பழுதுநீக்கத்தில் புதிதாகப் போட்ட ஐஜிபிடிக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் தடவப்படவே இல்லை. உலோகத்தோடு உலோகம் வறட்டுத்தனமாக முட்டிக்கொண்டிருந்தது. கடைசியாக, சுருளின் நடுவில் கண்ணாடியின் அடியைத் தொட்டபடி இருக்க வேண்டிய தெர்மிஸ்டர், அதாவது கண்ணாடியின் சூட்டை அளக்கும் உணரி, தன் இருக்கையில் சாய்ந்து கண்ணாடியைத் தொடாமல் விலகி நின்றது. அதைச் சுற்றியிருந்த வெள்ளைப் பசை காய்ந்து பொடியாகியிருந்தது. சுருளின் நடுப்பகுதிக் கம்பிகள் நிறம் கறுத்திருந்தன.

மின்னழுத்த ஏற்ற இறக்கம் என்ற முந்தைய முடிவுக்கு இங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. மின்னழுத்தம் எகிறும்போது முதலில் அடிவாங்குவதற்கென்றே மின்சாரம் நுழையும் இடத்தில் வாரிஸ்டர் என்ற நீல நிறத் தட்டு வைக்கப்பட்டிருக்கிறது. அது வெடிக்கவோ நிறம் மாறவோ இல்லை. ரெக்டிஃபையரும் நல்ல நிலையில் இருந்தது. இது மட்டுமே முடிவான சான்று ஆகாது என்றாலும், மூன்று முறையும் வாரிஸ்டரைத் தொடாமல் ஐஜிபிடியை மட்டும் தேடிவந்து எரிக்கும் மின்னழுத்தத்தை நம்புவதைவிட, சூட்டை நம்புவது எனக்கு எளிதாக இருந்தது.

ஆனால் அடைபட்ட காற்றுவழி மட்டும் போதிய விளக்கம் ஆகவில்லை. தினமும் சாதமும் பாலும் வைக்கும் அடுப்பு, ஏன் மாதக்கணக்கில் ஓடிவிட்டு ஒரு குறிப்பிட்ட நாளில் நிற்கிறது? கண்ணாடியின் மேற்புறத்தில் இதற்கான குறிப்பு இருந்தது. பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் கண்ணாடியில் சுட்டுப் படிந்திருந்தது. அது முழு வட்டமாக இல்லாமல், ஓரங்களில் திட்டுத்திட்டாக, நடுவில் கீறல்களோடு இருந்தது. வழவழப்பான குக்கரின் அடி இப்படித் தடம் பதிக்காது. இதைத் தெரிந்துகொள்ளவே அந்த வீட்டுக்குச் சென்றேன்.

சமையல் மேடையில்

அடுப்பு வைத்திருந்த இடம் கேஸ் அடுப்புக்கு ஒட்டிய மூலை. ஒரு பக்கம் சுவர், பின்பக்கம் சுவர், மறுபக்கம் பர்னர். கேஸ் அடுப்பில் தாளிக்கும்போது எழும் சூடும் எண்ணெய்ப் புகையும் நேராக இண்டக்‌ஷன் அடுப்பின் காற்றுவழிக்குள் போகும் அமைப்பு அது. கிரானைட் மேடையில் கறை படியாமல் இருக்க அடுப்பின் கீழே செய்தித்தாளை விரித்து, வாரம் ஒருமுறை மாற்றிவந்தார்கள். அடுப்பின் கால்கள் ஒரு விரற்கடை உயரம்தான். ஃபேன் ஓடும்போது தாள் மேலெழும்பிச் சல்லடையை மூடிக்கொள்ளும். சல்லடையில் இருந்த துணுக்குகளுக்கு விளக்கம் கிடைத்தது. தூய்மைக்காகச் செய்த காரியம்தான் அது. அதில் அந்த வீட்டாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுப்பு காற்றைக் கீழிருந்து இழுக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பழுப்பு வளையத்தைப் பற்றிக் கேட்டபோது, தாயார் மேடைக்குக் கீழிருந்து கைப்பிடி உடைந்த ஒரு பழைய இரும்புத் தோசைக்கல்லை எடுத்துக் காட்டினார். “இட்லிப் பானை அலுமினியம் தம்பி. வெறுமனே வச்சா கீ கீன்னு கத்துது. இந்தக் கல்லைக் கீழே வச்சு மேலே பானையை வச்சா நல்லா ஓடுது” என்றார். கல்லைக் கண்ணாடியின் மேல் வைத்துப் பார்த்தேன். அடியிலிருந்த மேடுகள் திட்டுகளோடு ஒன்றுக்கொன்று பொருந்தின. மருமகளிடம் அடுப்பு நின்ற நாள்களைப் பற்றி விசாரித்தபோது, மூன்றுமே ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் என்று அவரே கணக்கிட்டுச் சொன்னார்.

இந்த இரும்புக்கல் செய்யும் தீங்கு கண்ணுக்குத் தெரியாதது. எனவே அதைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இண்டக்‌ஷனுக்கு ஏற்ற பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும்போது பாத்திரத்தின் அடி 100 டிகிரியை அதிகம் தாண்டுவதில்லை, ஏனெனில் பிறக்கும் சூட்டைத் தண்ணீர் உடனுக்குடன் வாங்கிக்கொள்கிறது. கண்ணாடியும் அந்த அளவுக்கே சூடாகிறது. அதற்குக் கீழே இருக்கும் சுருளும், ஐஜிபிடி பொருந்திய மின்சுற்றுப் பலகையான போர்டும் பாதுகாப்பாக இருக்கின்றன. இடையில் கல்லை வைத்தால் சூடு கல்லில் பிறக்கிறது, தண்ணீர் பானையில் இருக்கிறது. கல்லின் மேற்பரப்பும் பானையின் அடியும் மேடுபள்ளமானவை. தொடும் இடங்கள் சில, மற்ற இடமெல்லாம் காற்று. ஆகவே பானைக்குப் போக வேண்டிய சூடு கல்லிலேயே தேங்கி, கல் 200 டிகிரியைத் தாண்டி ஏறுகிறது. மேலே போக வழியில்லாத அந்தச் சூடு கண்ணாடி வழியாகக் கீழே, சுருளை நோக்கி இறங்குகிறது. இரண்டு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 586 கிலோஜூல் தேவை. 2000 வாட் அடுப்பில் நேரடியாக வைத்தால் ஆறு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் வேலை இது. இவர்கள் வீட்டில் ஏறக்குறைய இருமடங்கு நேரம் பிடித்ததாகச் சொன்னார்கள். அந்தக் கூடுதல் மின்சாரம் கல்லையும் அடுப்பையும் சூடாக்கி வீணாகியிருக்கிறது.

இப்படிச் சூடேறும்போது அடுப்பை நிறுத்தத்தான் தெர்மிஸ்டர் இருக்கிறது. முதல் பழுதின்போது அது சரியாகவே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். திரையில் ஆங்கில எழுத்தோடு ஓர் எண் அவ்வப்போது தோன்றி அடுப்பு நின்றதாகவும், சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டால் மறுபடி ஓடியதாகவும் மருமகள் சொன்னார். முதல் பழுதுநீக்கத்துக்குப் பின் அந்த எண் வரவே இல்லை என்றும், அடுப்பு முன்னைவிட நன்றாக ஓடியதாகவும் அவர் சேர்த்துச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றி மாட்டியபோது தெர்மிஸ்டர் சாய்ந்து, கண்ணாடியைத் தொடாமல் போயிருக்க வேண்டும். அதன்பின் அது அளந்தது கண்ணாடிக்கும் தனக்கும் இடையிலிருந்த காற்றின் சூட்டை. எச்சரிக்கை மறைந்தது, ஆபத்து கூடியது. பழுது பார்க்கிறவர்கள் கண்ணாடியை மூடுவதற்கு முன் புதுப் பசை வைத்து, உணரி நிமிர்ந்து கண்ணாடியை அழுத்துகிறதா என்று ஒரு நிமிடம் செலவழித்துப் பார்ப்பது, ஐஜிபிடியை மாற்றுவதைப் போலவே முக்கியமான வேலை.

கடைசிக் கண்ணி சுவர் சுவிட்ச். சமையல் முடிந்ததும் உள்ளே தேங்கிய சூட்டை வெளியேற்ற ஃபேன் ஓரிரு நிமிடம் தானாக ஓடும். இந்த வீட்டில் அடுப்பை நிறுத்திய மறுகணமே சுவர் சுவிட்சையும் அணைக்கும் பழக்கம் இருந்தது. தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுவதால், எதுவும் வீணாக ஓடக்கூடாது என்ற கவனம் அவர்களுக்கு. நியாயமான கவனம்தான். ஆனால் அந்த ஃபேன் எடுப்பது மூன்று வாட் அளவிலான மின்சாரம். ஒரு யூனிட் ஆக வேண்டுமானால் அது முந்நூறு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும்.

மூன்றாம் முறை நடந்ததை இப்போது வரிசைப்படுத்த முடிந்தது. முதல் ஈடு இட்லி முழுத் திறனில், கல்லின் மேல் வெந்தது. இறக்குவதற்காகச் சுவர் சுவிட்ச் அணைக்கப்பட்டது, ஃபேன் நின்றது. மாவு ஊற்றித் தட்டுகளை அடுக்கும் நேரத்தில் கல்லின் சூடும் சுருளின் சூடும் மூடிய பெட்டிக்குள் பரவி ஹீட் சிங்கையும் சூடாக்கின. இரண்டாம் ஈட்டுக்கு மறுபடி முழுத் திறனில் போட்டார்கள். பேஸ்ட் இல்லாமல் பொருத்தப்பட்ட ஐஜிபிடி, ஏற்கெனவே சூடாக இருந்த ஹீட் சிங்குக்குத் தன் வெப்பத்தைத் தள்ள முடியாமல் சில நிமிடங்களில் எரிந்தது.

மின் இணைப்பு

இதோடு தொடர்பில்லாத, ஆனால் இதைவிட ஆபத்தான ஒன்று சுவரில் இருந்தது. அடுப்போடு வந்த பெரிய பிளக்கை, ஒரு அடாப்டர் வழியாக, ஐந்து ஆம்ப்ஸ் பாயிண்ட் என்று வழங்கும் 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகியிருந்தார்கள். அடாப்டரின் ஒரு துளை கறுத்து, பிளாஸ்டிக் இளகி இறுகியிருந்தது. பழுது நீக்கிய அடுப்பை அங்கே வைத்து அளந்தபோது, ஓடாத நிலையில் 222 வோல்ட் இருந்தது. முழுத் திறனில் ஓடவிட்டதும் 207 வோல்ட்டுக்கு இறங்கியது. ஓட்டம் 9 ஆம்பியர். 15 வோல்ட்டை 9 ஆம்பியரால் பெருக்கினால் 135 வாட். அவ்வளவு சக்தி மெல்லிய வயரிலும் தளர்ந்த சாக்கெட்டிலும் வெறும் சூடாக மாறிக்கொண்டிருந்தது. அடுப்பு எரிந்ததற்கு இதன் பங்கு சிறிதாகவே இருக்கலாம்; ஆனால் வீடு தீப்பற்றுவதற்கு இது ஒன்றே போதும். கையால் தொட்டுப் பார்த்தால் பிளக் சூடாக இருக்கும் எந்த வீட்டிலும் அடுப்பை உடனே நிறுத்திவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

வீட்டு உரிமையாளரின் ஒப்புதலோடு, உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவர் மெயின் போர்டிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரைத் தனியாக இழுத்து, 16 ஆம்பியர் பவர் பிளக்கும் அதற்கென, மின்னோட்டம் மிகுந்தால் தானாகத் துண்டிக்கும் ஓர் எம்சிபியும் பொருத்தினார். அதன்பின் அதே அடுப்பு முழுத் திறனில் ஓடும்போது அழுத்தம் நான்கு வோல்ட்தான் இறங்கியது.

செய்த வேலைகள்

போர்டில் 1200 வோல்ட், 25 ஆம்பியர் ஐஜிபிடி ஒன்றைப் பேஸ்ட் தடவிப் பொருத்தினேன். அதற்கு முன், அதை இயக்கும் 18 வோல்ட் சரியாக வருகிறதா, சுருளோடு இணைந்து இயங்கும் ஒத்ததிர்வுக் கெப்பாசிட்டரின் மதிப்பு குறைந்திருக்கிறதா, மின்னழுத்தத்தை உணரும் உயர்மதிப்பு ரெசிஸ்டர்கள் தம் மதிப்பிலிருந்து விலகியிருக்கின்றனவா என்று அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தன. இவற்றில் ஏதாவது ஒன்று கெட்டிருந்தாலும் புதிய ஐஜிபிடி முதல் நாளே எரிந்துவிடக்கூடும். முதல் இயக்கத்தை 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்துச் செய்தேன். பல்ப் ஒரு கணம் மின்னி அணைந்தது, ஷார்ட் இல்லை என்று உறுதியானது. ஃபேனை மாற்றினேன், தகடுகளைத் துலக்கினேன், தெர்மிஸ்டரைப் புதுப் பசையோடு நிமிர்த்தி வைத்தேன். இவற்றைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் அடுப்பைத் திறக்க வேண்டாம். இந்தப் போர்டு சுவர் மின்சாரத்திலிருந்து காப்பிட்டுப் பிரிக்கப்படாதது; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம்.

வீட்டார் செய்தவை எளிமையானவை. அடுப்பு கேஸ் அடுப்பிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி, பின்னால் ஒரு சாண் இடைவெளியோடு வைக்கப்பட்டது. செய்தித்தாள் போயிற்று. ஃபேன் நின்ற பிறகே சுவர் சுவிட்சை அணைக்கிறார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மாதம் ஒருமுறை அடிப்பக்கச் சல்லடையை உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுகிறார்கள். கரப்பானுக்காக அந்தத் துளைகளில் மருந்து அடிக்கும் எண்ணம் அவர்களுக்கு இருந்தது. தீப்பற்றக்கூடிய திரவத்தை அங்கே தெளிக்கவே கூடாது என்று சொல்லித் தடுத்தேன்.

இட்லிக்குப் புதுப்பானை வாங்க வேண்டியிருக்கவில்லை. அவர்களிடமிருந்த இண்டக்‌ஷன் அடி கொண்ட ஐந்து லிட்டர் குக்கருக்குள் இட்லி ஸ்டாண்ட் அடங்கியது. வெயிட் போடாமல் அதிலேயே வேக வைக்கிறார்கள். தண்ணீர் கொதித்த பிறகு திறனைப் பாதியாகக் குறைத்தாலும் இட்லி வேகப் போதிய ஆவி வருகிறது. தோசைக்கல்லைக் கேஸ் அடுப்புக்கே திருப்பி அனுப்பியதில் இன்னொரு நன்மையும் உண்டு: ஒற்றைச் சுருளின் அகலம் ஒரு தோசையின் அகலத்துக்கு வருவதில்லை, நடுவில் கருகி ஓரத்தில் வேகாமல் போகும்.

அவர்களின் மற்றப் பாத்திரங்களையும் காந்தம் வைத்துப் பார்த்தோம். எவர்சில்வர் என்றால் எல்லாம் ஓடும் என்ற எண்ணம் பல வீடுகளில் இருக்கிறது. நிக்கல் கலந்த எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது, அல்லது மிக லேசாகத்தான் ஒட்டும்; இவர்கள் அடுக்கி வைத்திருந்தவற்றில் பாதிக்கு மேல் அப்படிப்பட்டவை. பக்கவாட்டில் அல்லாமல், அடியின் நடுவில் காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டினாலும், தகடு மெல்லியதாக இருந்தால் சுருளுக்கு நேர்மேலே வளையமாகச் சூடேறிப் பால் அந்த வட்டத்தில் அடிப்பிடிக்கும். 600 அல்லது 800 வாட்டில் வைத்துக் கிண்டுவதே வழி. குறைந்த திறனில் இந்த வகை அடுப்புகள் பெரும்பாலும் விட்டுவிட்டு ஓடுகின்றன. பால் ஒருமுறை பொங்கி ஒருமுறை அடங்குவதைப் பழுது என்று நினைத்துக் கொண்டுவருபவர்கள் உண்டு, அது பழுதல்ல.

கண்ணாடியில் படிந்த பழுப்பு வளையம், ஆறிய பிறகு சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து மென்மையான துணியால் தேய்த்ததில் பெரும்பாலும் போய்விட்டது, கீறல்கள் இருக்கின்றன. கம்பி நார் போட்டிருந்தால் கீறல்கள் கூடியிருக்கும். வெல்லப் பாகோ பாயசமோ சிந்தினால் மட்டும் ஆறும்வரை காத்திருக்கக் கூடாது. இறுகிய சர்க்கரை கண்ணாடியின் மேற்பரப்பைப் பெயர்த்துவிடக்கூடும் என்பதால், அடுப்பை நிறுத்தி, கை படாமல் மரக்கரண்டியால் உடனே வழித்துவிட வேண்டும். கண்ணாடியில் மயிரிழை அளவு விரிசல் தெரிந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். அதன் வழியே இறங்கும் கஞ்சித் தண்ணீர் சேரும் இடம் மின்சாரம் பாயும் போர்டு.

அடுப்பு திரும்பிப் போய் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை இட்லியும் அதிலேயே நடக்கிறது. சுருளை நான் மாற்றவில்லை. நடுப்பகுதியில் கறுத்த கம்பிகளின் மின்காப்புப் பூச்சு எந்த அளவுக்கு வலுவிழந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து சொல்ல இயலாது. அன்று அளந்தபோது சுற்றுகளுக்கிடையே ஷார்ட் தென்படவில்லை. ஆண்டுக்கொருமுறை உள்ளே சுத்தம் செய்யக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். முதலில் சோதிக்க வேண்டியது அந்தச் சுருளைத்தான்.